தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர்



நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் தாத்தா என்று அன்போடு அழைக்கப்படும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அல்லது இருந்து மறைந்திருக்கிறார். அவர் நமக்குக் கதை சொன்னார். கைப்பிடித்து நடக்கக் கற்றுக் கொடுத்தார். நம் முன்னோர் யார், எங்கிருந்து வந்தனர் என்பதை எடுத்துரைத்தார். அவ்வாறே தமிழ் பேசும் மக்கள் அனைவருக்கும் பொதுவான தாத்தா ஒருவர் உண்டு. அவர் ஓர் ஆசிரியர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் வகுப்பறையில் பாடம் சொல்லியவர். பணி ஓய்வு பெற்ற பின்னும் ஓய்ந்திராமல், தம் எண்பத்தேழாம் வயதில் கண் மூடும் வரையில் தமிழுக்காகவே உழைத்தவர். அவரே டாக்டர் உ. வே. சாமிநாதையர். தமிழ்த் தாத்தா என்று உலகம் போற்றும் அப்பெரியாரின் வாழ்க்கையை நாம் அனைவரும் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

இளமையும் வறுமையும்

தஞ்சை நாட்டில், கும்பகோணத்திற்கு அருகே உள்ள உத்தமதானபுரம் என்னும் சிற்றூரே ஐயரவர்களின் சொந்த ஊர். அவர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர், தாயார் சரசுவதி அம்மாள். ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் தந்தையார் பெயரின் முதலெழுத்துமே உ. வே. என்று அவர் பெயருக்கு முன்னால் நிற்கின்றன. பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன் என்பது. வீட்டிலே சாமா என்று அழைப்பர்.

தந்தையார் இசையில் வல்லவர். ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதை சொல்லி, அவ்வூர் மக்கள் மனமுவந்து அளிக்கும் நெல்லையும் பணத்தையும் கொண்டு குடும்பத்தை நடத்தி வந்தார். ஓரூரில் சில மாதம். மற்றோர் ஊரில் சில மாதம். அரியலூர், குன்னம் என்று குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. இதனால் சிறுவன் சாமாவின் படிப்பும் அடிக்கடி தடைப்பட்டது. ஓர் ஆசிரியரிடம் ஒரு நூலைத் தொடங்குவான். அது முடிவதற்குள் அடுத்த ஊருக்குப் போக வேண்டிவரும்.

பிழைப்புக்காகத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறிய குடும்பங்களில் பிறந்த நம்மவர்களுக்கு இத்துன்பம் புதிதன்று. எனினும் சாமா ஊர் மாறியதைக் காரணங்காட்டிப் படிப்பை விட்டுவிடவில்லை. எந்த ஊருக்குச் சென்றாலும் அங்கே தமிழ் கற்றவர் யார் என்று தேடி, அவரிடம் சென்று பாடங்கேட்டான். உறவினர் சிலர் ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்றனர். வேறு சிலர் வடமொழி படிக்கச் சொன்னார்கள். அவன் மனமோ தமிழையே நாடியது.

ஆசிரியரைத் தேடி

அக்காலத்தில் தமிழ்நாட்டில் பெரும் புலவராக விளங்கியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் மாயூரத்தில் தங்கி மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வந்தார். 1871-ஆம் ஆண்டில் தந்தையார் தம் மகனை அழைத்துச் சென்று அப்பெருமானிடம் ஒப்படைத்தார். உணவுக்கு உரிய ஏற்பாட்டைத் தந்தையாரே செய்துகொள்ள வேண்டியிருந்தது. வறுமையிலும் அதனை அவர் சுமையாகக் கருதவில்லை. சாமிநாதன் என்ற பெயரும் பிள்ளையவர்களின் விருப்பப்படி அமைந்ததேயாகும்.

மாயூரத்தில் நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தார். இசையில் ஆர்வம் மிக்க சாமிநாதன் அவரிடம் சில காலம் இசை பயின்றார். ஆயினும் இசைப் பயிற்சி தமிழ்ப் படிப்புக்கு இடையூறாகும் என்று தம் ஆசிரியர் கருதுவதை அறிந்ததும், அதனை நிறுத்திவிட்டுத் தமிழிலேயே முழு மனத்தையும் செலுத்தினார்.

பிள்ளையவர்கள் சாதி சமய வேறுபாடு பாராமல் பாடம் சொல்லியவர். அவர் செய்யுள் இயற்றிச் சொல்ல, சாமிநாதன் அதனை ஏட்டில் எழுதுவார். ஐந்து ஆண்டுகள் ஆசிரியரின் நிழல் போல உடனிருந்தார். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று பிள்ளையவர்கள் இவ்வுலகை நீத்தார். அந்த இறுதி வேளையில் ஆசிரியரைத் தாங்கிப் பிடித்திருந்தவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணவர். அருகிருந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதையர். ஆசிரியரின் முன்னிலையில் மாணவர் அனைவரும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ!

அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்தார். மடத்திலேயே தங்கி, தாமும் கற்று, பிறருக்கும் கற்பித்து வந்தார்.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் பிள்ளையவர்களின் மூத்த மாணவர். அவர் பணி ஓய்வு பெறும்போது, தம் இடத்துக்கு ஏற்றவர் சாமிநாதையரே என்று பரிந்துரை செய்தார். 1880-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஐயரவர்கள் மாதம் ஐம்பது ரூபாய் சம்பளத்தில் கல்லூரி ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. குடும்பத்தின் நெடுநாள் வறுமை நீங்கியது. பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்த தம் வீட்டிற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டு, அந்த நன்றியை அவர் என்றும் மறவாமல் போற்றினார்.

வாழ்வை மாற்றிய கேள்வி

அதே 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள். கும்பகோணத்திற்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் என்பவரைக் காண ஐயரவர்கள் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் ஆகியவற்றின் பெயர்களை அடுக்கினார். அந்தப் பட்டியல் நீண்டது. முதலியாரின் முகத்திலோ மகிழ்ச்சி தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று அவர் வினவினார். அவற்றை ஐயரவர்கள் படித்ததில்லை. அவர் ஆசிரியருங்கூட அவற்றைப் பாடம் சொன்னதில்லை.

மாணவர்களே, இந்த இடத்தைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். மகாவித்துவானின் மாணவர், கல்லூரி ஆசிரியர், ஊரார் மதிக்கும் புலவர். அத்தகைய ஒருவரிடம், நீர் படித்தது போதாது என்பது போல ஒருவர் சொன்னால் கோபம் வருவது இயல்பு. ஐயரவர்களுக்கும் முதலில் வருத்தம் ஏற்பட்டது. ஆனால், அந்நூல் கிடைத்தால் படிக்கிறேன் என்று அவர் பணிவோடு கூறினார். முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியொன்றை அவரிடம் கொடுத்தார். அன்று முதல் அந்தக் கல்லூரி ஆசிரியர் மீண்டும் மாணவரானார்.

நான் ஆசிரியனாகி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஐயரவர்களின் வாழ்வில் என் உள்ளத்தைப் பெரிதும் தொடுவது இந்நிகழ்ச்சியேயாகும். எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது மாணவனுக்கு எளிது, ஆசிரியருக்கு அரிது. அந்த அரிய செயலை அவர் அன்று செய்தமையால்தான் தமிழுக்குப் பெருஞ்செல்வம் கிடைத்தது.

சிந்தாமணி ஒரு சமண காப்பியம். அதில் வரும் சமய உண்மைகள் சைவச் சூழலில் வளர்ந்த ஐயரவர்களுக்கு விளங்கவில்லை. கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்கின்றனர் என்று கேள்வியுற்று அவர்கள் வீட்டிற்குச் சென்றார். அங்கே மாக்கோலமும் தோரணமுமாக இருந்தது. என்ன விசேடம் என்று விசாரித்தார். பல மாதங்களாகச் சிந்தாமணியைப் படித்து வந்ததாகவும், அன்று அது நிறைவு பெறுவதாகவும் அவர்கள் கூறினர். தமிழ்ப் புலவர்கள் மறந்துவிட்ட ஒரு நூலை, அதே ஊரில் சில குடும்பத்தினர் பக்தியோடு படித்துக் காத்து வந்தனர்! ஐயரவர்கள் அவர்களிடம் தயக்கமின்றிப் பாடங்கேட்டார். பின்னர் மணிமேகலையை ஆராய்ந்தபோதும், பௌத்த சமயக் கருத்துகளை அறிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஓலைச் சுவடிகளைத் தேடி

அக்காலத்தில் பழந்தமிழ் நூல்கள் பலவும் பனையோலையில் எழுதப்பட்ட சுவடிகளாகவே இருந்தன. ஓலை நெடுங்காலம் நிலைப்பதன்று. செல்லரிக்கும்; ஒடியும்; உதிரும். ஆதலின் பழைய ஏடு அழியுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைப்பது வழக்கம். எழுதுவோர் இல்லையெனில் அந்நூல் உலகை விட்டே மறைந்துவிடும்.

சுவடியைப் படிப்பதும் எளிதன்று. எழுத்துகளுக்குப் புள்ளி இராது. குறில் எது, நெடில் எது என்று தெரியாது. சொற்களுக்கிடையே இடைவெளி இராது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் விளங்காது. ஏடுகள் முன்பின்னாக மாறிக் கிடக்கும். ஒரு சுவடியில் உள்ள பிழையை மற்றொரு சுவடியைக் கொண்டுதான் திருத்த வேண்டும். அதற்காக ஐயரவர்கள் ஊர் ஊராகச் சென்றார். கல்லூரி விடுமுறை நாட்களெல்லாம் சுவடி தேடும் நாட்களாயின. மடங்களிலும், கவிராயர் வீடுகளிலும், கோயில்களிலும் புகுந்து, பரணில் கிடந்த ஏட்டுக் கட்டுகளைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தார்.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆவலோடு அங்குச் சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக அங்கிருந்தவர் கூறினர். இதைக் கேட்டு அவர் நெஞ்சம் துடித்தது. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட இடங்களும் உண்டு. அவர்கள் தீயவர்கள் அல்லர். தம் கையில் இருப்பது இன்னதென்று அறியாதவர்கள், அவ்வளவே.

பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டு என்று ஒரு பாட்டு உள்ளது. அதில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த மலர்களின் பெயர்கள் வரிசையாகக் கூறப்பட்டுள்ளன. தொண்ணூற்றொன்பது மலர்கள் என்பர். ஐயரவர்களிடம் இருந்த சுவடிகளில் அப்பகுதியில் சில மலர்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. எப்படியும் அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். முடிவில் தருமபுரம் ஆதீனத்தில் இருந்த ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி ஆராய்ந்தபோது, அந்தப் பெயர்கள் இருந்த ஏடு கிடைத்தது. உதிர்ந்து போன மலர்கள் மீண்டும் மாலையில் சேர்ந்தன. சில மலர்களின் பெயர்களுக்காக ஒரு மனிதர் இத்துணை பாடுபட்டார் என்றால், முழு நூல்களுக்காக எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்பதை நாம் உணரலாம்.

சிந்தாமணி 1887-ஆம் ஆண்டு அச்சாகி வெளிவந்தது. அச்சுச் செலவுக்காக அவர் பலரிடம் சென்று கையொப்பம் சேர்க்க வேண்டியிருந்தது. நூல் வெளிவந்த பின் பாராட்டியவர்கள் பலர்; குறை கூறித் தூற்றியவர்களும் உண்டு. தூற்றியவர்களுக்கு விடை எழுத எண்ணியபோது, அதில் காலத்தைச் செலவிட வேண்டாம் என்று மூத்த ஆசிரியர் ஒருவர் அறிவுரை கூறினார். ஐயரவர்கள் அதனை ஏற்று, அடுத்த நூலின் வேலையைக் கவனித்தார். பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும், ஐங்குறுநூறு 1903-இலும், பதிற்றுப்பத்து 1904-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன.

இப்பணியில் ஈடுபட்டவர் அவர் ஒருவரே என்று நாம் எண்ணிவிடலாகாது. யாழ்ப்பாணத்தில் தோன்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். இவ்வாறு பலர் உழைத்தனர். எனினும் ஒரு நூலுக்கு எத்தனை சுவடிகள் கிடைக்குமோ அத்தனையையும் ஒப்பிட்டு, அரும்பொருள் விளக்கமும் அகராதியும் சேர்த்து, மாணவரும் பயன்கொள்ளும்படி நூலை வெளியிட்டதில் ஐயரவர்களுக்கு நிகராகச் சொல்லத்தக்கவர் மிகச் சிலரே.

அதியமான் ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை நீங்கள் பாடநூலில் படித்திருக்கிறீர்கள். பாரி வள்ளலின் கொடையையும், கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் சென்றதையும், மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபி பசித்தோர்க்கெல்லாம் உணவளித்ததையும் அறிவீர்கள். இவற்றைக் கூறும் பழைய நூல்களை நாம் இன்று பிழையின்றிப் படிக்க முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் இந்த ஆசிரியரின் கண்ணுழைப்பும் காலுழைப்பும் இருக்கின்றன.

ஓய்வு பெற்றும் ஓயாதவர்

1903-ஆம் ஆண்டில் ஐயரவர்கள் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். 1906-இல் அரசாங்கம் அவருக்கு மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் அளித்தது. அதனைப் பாராட்டிப் பாரதியார் கவிதை இயற்றினார். 1919-இல் பணி ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு. சாய்வு நாற்காலியில் அமர்ந்து பேரப்பிள்ளைகளைக் கொஞ்சியபடி காலம் கழித்திருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால் அவர் ஓயவில்லை. 1924 முதல் 1927 வரையில் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராகப் பணிபுரிந்தார். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகங்களாக 1933-இலும் 1934-இலும் வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்னும் மாணவரின் நன்றி மங்கவில்லை! 1937-இல், தம் எண்பத்திரண்டாம் வயதில், குறுந்தொகையைத் தாமே எழுதிய உரையுடன் பதிப்பித்தார்.

1940-ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடன் வார இதழில் என் சரித்திரம் என்ற பெயரில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வந்தார். தாத்தா பேரனுக்குக் கதை சொல்வது போன்ற எளிய, இனிய நடையில் அது அமைந்தது. உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவர்கள் அதனை ஒரு முறையேனும் படித்தல் வேண்டும்.

அப்போது இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்தது. மலாயாவும் சிங்கப்பூரும் சப்பானியர் வசமாயின. சென்னை மீதும் குண்டு விழும் என்று அஞ்சி மக்கள் வெளியூர்களுக்குச் சென்றனர். ஐயரவர்களும் திருக்கழுக்குன்றத்திற்கு இடம் பெயர்ந்தார். அங்கேயே 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். என் சரித்திரம் முற்றுப்பெறாமலே நின்றது. அவர் மறைந்த மறு ஆண்டிலேயே, 1943-இல், அவர் பெயரால் சென்னையில் நூல்நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. அவர் சேர்த்து வைத்த சுவடிகள் அங்கே காக்கப்பட்டு வருகின்றன. திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த தியாகராச விலாசம் மட்டும் 2012-இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஏடுகளைக் காத்தவரின் வீட்டைக் காக்க நம்மால் இயலாமற் போயிற்று என்பது வருந்தத்தக்கதே.

நாம் செய்ய வேண்டுவது

தமிழ்த் தாத்தா இன்று இல்லை. பரணில் ஏடு தேடும் வேலையும் நமக்கில்லை என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் நம் வீடுகளிலும் ஏடுகள் இருக்கின்றன.

தமிழ்த் தாத்தா ஊரைவிட்டுப் புறப்படக் காரணமாயிருந்த அதே போரில்தான் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சயாம் மரண இரயில்பாதை போடுவதற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சென்றவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் எழுதி வைத்தவர்கள் சிலரே. மற்றவர்களின் வரலாறு அவர்கள் சொல்லக் கேட்டவர்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கிறது. நம் பாட்டிமார் பால்மரக் காட்டில் பாடிய பாடல்கள், தோட்டக் கோயில் திருவிழா தொடங்கிய கதை, கப்பலேறி வந்த முன்னோரின் ஊர்ப்பெயர் ஆகியவையும் அப்படியே. ஓலையைச் செல்லரிப்பது போல, நினைவை மறதி அரித்துவிடும். தோட்டத்தை விட்டு வீடு மாறும்போது, பழைய தகரப்பெட்டியில் இருக்கும் கடிதத்தையும் படத்தையும் குப்பையென்று எரித்துவிடுகிறோம். கரிவலம்வந்தநல்லூரில் நடந்ததும் இதுதான் அல்லவா?

ஆகவே மாணவர்களே, இந்தப் பள்ளி விடுமுறையில் ஒரு சிறு பணியைச் செய்யுங்கள். உங்கள் தாத்தா பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். யார் எந்த ஊர், யாருக்கு என்ன உறவு, எந்த ஆண்டு எந்தத் தோட்டத்திற்கு வந்தார்கள் என்பவற்றைக் குறித்து வையுங்கள். பெற்றோர்களே, பழைய பெட்டியைத் தூக்கி எறியுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரிடம் சென்று கேட்பதே தமிழ்த் தாத்தா நமக்குக் காட்டிய வழி. அவ்வழியில் நாமும் நடப்போமாக.

வாழ்க தமிழ்த் தாத்தாவின் புகழ்! வளர்க நம் தாய்மொழி!